சங்கு வைத்த பிடில்

கைவேலை தெரியாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாதவன் தெரிந்தவனைக் கூப்பிடுகிறான், கூலி கொடுக்கிறான், காரியம் முடிகிறது. உலகம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வேலையும் தெரியாமல், வேலை தெரிந்தவனை வீட்டுக்குள் விடவும் மாட்டாமல், ஒருவரிடம் வாயைத் திறந்து கேட்கவும் மாட்டாமல் ஒரு மனிதர் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா உத்தியோகம். பெயர் வேண்டாம். சொன்னால் அந்த வீதியில் வயசானவர்கள் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இவன் யார் இன்னொருவரின் வேலையைப் பற்றிப் பேச என்று கேட்பீர்கள். நான் மருங்காபுரிப் பக்கத்துப் பொட்டல் காட்டிலிருந்து காலில் செருப்பில்லாமல் திருச்சிக்கு வந்தவன். என் அத்தா எனக்கு விட்டுப் போனது அவருடைய தொப்பி ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி தாண்டவில்லை. காந்தி மார்க்கெட் பக்கத்து மரவாடி ஒன்றில் தேக்குச் சட்டம் சுமந்தேன். பிறகு அறுத்தேன், பிறகு விற்றேன், பிறகு அந்த மரவாடியையே விலை பேசி வாங்கினேன். ஒரு மரத்தின் பட்டையைப் பார்த்தால் அது நின்ற மண் கரிசலா செம்மண்ணா என்று சொல்வேன். இங்கிலீஷில் பெயர் போட்ட இஞ்சினியர்கள் என் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, "ராவுத்தரே, உத்திரத்துக்கு எது போடலாம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்டுவிட்டுப் போகிறவனுக்கு வீடு நிற்கும்.

இந்த மனிதர் கேட்க மாட்டார். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "அதுல என்ன பிரமாதம்? பண்ணிட்டாப் போச்சு."

வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்ற வேண்டியிருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டால் அரை நாள் வேலை. இவர் பண்ணிட்டாப் போச்சு என்று தாமே பொருத்தினார். அது வைகுண்ட ஏகாதசிக்கு முன்பு. ஊரே பரமபத வாசலுக்கு ஓடிக்கொண்டிருக்கிற விடியற்காலையில், குளித்து, திருமண் இட்டு, இவர் கதவைத் திறக்கப் போனால் தாழ்ப்பாள் அசையவில்லை. கோவிலில் பரமபத வாசல் திறந்தது. இவர் வீட்டு வாசல் திறக்கவில்லை. கொல்லைப்புறச் சுவரில் ஏறிக் குதித்துப் போனார் என்று குதிரை வண்டிக்காரன் எனக்குச் சொன்னான். நான் பிறகு பார்த்தபோது, "சாமி, தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சாமே?" என்றேன்.

"தாழ்ப்பாள்ள தப்பில்லை ராவுத்தரே. கதவு ஊதிப்போயிருக்கு" என்றார்.

கதவு என் கடையில் வாங்கினது. காய்ந்த பர்மாத் தேக்கு. அது ஊதாது. ஊதினது எது என்று நான் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்தது. பிடில் எப்படிச் செய்வது என்று இங்கிலீஷில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட புத்தகம். அதை மஞ்சள் துணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் மரவாடிக்கு வந்தார். வந்தவர் மரம் கேட்கவில்லை. அடுக்கியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். என் ஆட்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன சாமி, உள்ளே யாராச்சும் இருக்காங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நாதம் பார்க்கறேன்" என்றார்.

"எதுக்கு?"

"பிடில் பண்ணப் போறேன்."

"வாசிக்கத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. ஆத்துல வாசிப்பா."

பின்பக்கத்துக்குத் தேக்கு எடுங்கள் என்றேன். மாட்டேன் என்று பலா எடுத்தார். முன்பக்கத்துக்கு நான் காட்டின எதையும் தொடவில்லை. மூலையில் சீமை மிஷின் வந்த பெட்டியை உடைத்துப் போட்டிருந்தேன். வெள்ளை மரம், அடுப்புக்குத்தான் லாயக்கு. அதில் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்து, தங்கம் கிடைத்த மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போனார். என் கடையில் இருந்த சாமான்களிலேயே மட்டமானதைத் தேடி எடுத்த ஒரே வாடிக்கைக்காரர் அவர்தான்.

பலாப் பலகையை அவர் வீட்டில் இறக்க நானே வண்டியோடு போனேன். அந்தப் பக்கம் வேறு ஒரு வீட்டில் எனக்கு வேலை இருந்தது. அன்றைக்குத்தான் அவர் வீட்டு அம்மாளின் குரலைக் கேட்டேன். அவர்கள் கதவுக்கு உள்ளே நின்று பேசுவார்கள், நான் வாசல் படியில் நிற்பேன். அந்தக் காலத்துப் பழக்கம் அப்படி.

"இது என்ன ராவுத்தரே, இதுவும் பிடிலுக்கா?"

"ஆமாம்மா. முதுகுக்காம்."

மெதுவாகச் சொன்னார்கள். "கல்யாணத்துக்கு முன்னால எங்க அப்பா ஆத்துல வாசிச்சிண்டிருந்தேன். அந்தப் பிடிலை அண்ணா வெச்சுண்டுட்டான். இங்கே வந்தப்புறம் ஒண்ணு வாங்கித் தாங்கோன்னு கேட்டேன். கடைச் சாமான் எதுக்கு, நானே பண்ணித் தரேன்னார். வர நவராத்திரிக்குள்ள ஆயிடும்கறார். எந்த நவராத்திரின்னுதான் சொல்லல்லே."

"சொல்லி வாங்கிக்க வேண்டியதுதானேம்மா?"

"சொன்னா முகம் வாடிப்போயிடும். அவருக்காகப் பொறுத்துண்டிருக்கேன். ஆனா விரல் பொறுத்துக்காது ராவுத்தரே. தூக்கத்துல அசையும். இப்போ அதுவும் நின்னுண்டு வரது."

எனக்கு எரிச்சலாக வந்தது. சின்னக்கடைத் தெருவுக்குப் போனால் ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம். இந்த மனிதருடைய வீம்புக்காக ஒரு பெண்பிள்ளை கையில் இருந்த வித்தையை மறந்துகொண்டிருக்கிறாள். வீட்டில் இருக்கிறவளுக்கு வேண்டியதை வாங்கிப் போடத் தெரியாதவன் என்ன ஆம்பளை? நான் என் வீட்டில் அவள் வாய் திறக்கும் முன்பே வாங்கிப் போட்டவன்.

நவராத்திரிகள் வந்தன, போயின. பிடிலுக்குப் பக்கப் பட்டை என்று ஒன்று உண்டாம். மெல்லிய மரத்தை வளைக்க வேண்டும். புத்தகத்தில் துரை பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குழாயில் வளைக்கிறான். இவர் வீட்டு வெந்நீர் அண்டாவில் வளைத்தார். அண்டாவின் வயிறு பெரிசு, பிடிலின் இடுப்பு சின்னது. ஒடிந்த பட்டைகளை அள்ளினால் ஒரு தளிகைக்கு அடுப்பெரிக்கலாம். எரித்தார்களாம். பட்டை தீர்ந்தால் என் கடைக்கு வருவார். "குழாயில வளைச்சுப் பாருங்க சாமி, எங்க பட்டறையிலேயே கிடக்கு" என்று சொன்னேன். "அதுல என்ன பிரமாதம்" என்று இன்னும் நாலு பட்டை சீவிக்கொண்டு போனார்.

பசையில் நடந்ததுதான் பெரிய கூத்து. மரத்தை ஒட்ட வஜ்ஜிரம்தான் வழி. ஆசாரிகள் எல்லோரும் அதைத்தான் காய்ச்சி ஊற்றுவார்கள். இவரும் வாங்கிக்கொண்டு போய் அடுப்பங்கரைக்குள் காய்ச்சிவிட்டார். நாற்றம் வீதி வரைக்கும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஓய், இது மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கறதய்யா!" என்று கத்தியிருக்கிறார். பிறகென்ன, அடுப்பை இடித்தார்கள், பாத்திரத்தை எறிந்தார்கள், புண்ணியாகவாசனம் செய்தார்கள். வாங்கும்போதே ஆசாரியிடம் இது எதில் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால்தான் தலை இறங்கிவிடுமே.

அப்புறம் புளியங்கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சி ஒட்டினார். ஐப்பசி அடைமழையில், காவேரி கரை புரண்டு ஓடுகிற சமயத்தில், ஒரு நாள் காலையில் பிடில் தானாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் ஒரு மூலையில், முதுகு ஒரு மூலையில்.

அதற்கு மேல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். என் மரவாடியிலேயே வஜ்ஜிரம் காய்ச்சுவது, இங்கேயே ஒட்டுவது, காய்ந்ததும் காவேரியில் முழுகிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போவது. "காஞ்சு போச்சுன்னா அது பிடில். காயாத வரைக்கும்தான் தோல்" என்றார். அந்தச் சாஸ்திரம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. என் கடையில் இடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். மரவாடியில் ஆட்களுக்கு மத்தியான வேளையில் சிரிக்க ஒன்று வேண்டாமா? அவர் பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, தோல் பசையைத் தொடாமலே தோல் பசை பூசப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உடம்பு சேர்ந்ததும் துணியில் சுற்றிக்கொண்டார்.

"தலை எங்கே சாமி? பிடிலுக்கு மேலே சுருட்டி ஒண்ணு இருக்குமே?"

"தலையை ஆத்துலதான், மடியாப் பண்ணிண்டிருக்கேன். வெள்ளைக்காரன் நத்தை மாதிரி எதையோ சுருட்டி வெச்சிருக்கான். நான் வேற மாதிரி வெச்சிருக்கேன். விஜயதசமிக்கு வந்து பாரும்."

முகத்தில் அப்படி ஒரு களை. குழந்தை கையில் எதையோ மறைத்துக்கொண்டு நிற்குமே, அதே மாதிரி.

விஜயதசமி அன்றைக்குப் போனேன். ரேழியில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். கூடத்தில் வீதிப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளின் அப்பாவுக்குத் தெரிந்த வித்வான் ஒருவரை, முதலில் அவர் வாசித்துக் கொடுக்க வேண்டும் என்று வரவழைத்திருந்தார்கள். வித்வான் கையிலிருந்து அந்த அம்மாள் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. தூணுக்குப் பின்னால், மற்ற பெண்களுக்கு நடுவில், அவர்கள் இடது கை விரல்களை வலது உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது.

சுவாமி அறையிலிருந்து இவர் பிடிலை வெள்ளித் தட்டில் வைத்து எடுத்து வந்தார். பட்டுத் துணியை விலக்கினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நத்தைச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் சங்கு. பெருமாள் கையில் இருக்கிற சங்கு. பலா மரத்தில் வளைவு வளைவாகச் செதுக்கி, மேலே திருமண் இட்டு, துளசி சாற்றியிருந்தார். கோவில் தீர்த்தம் தெளித்திருந்ததாகவும் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவர் வாழ்நாளில் செய்த வேலைகளில் கண்ணால் பார்க்கும்படி இருந்தது அது ஒன்றுதான். எல்லோரும் கையைக் கூப்பினார்கள்.

வித்வான் பிடிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். பிடிலின் அடியைத் தோளில் சாய்த்து, தலையைக் குனிந்து...

நின்றுவிட்டார்.

நம் ஊரில் பிடில் வாசிக்கிறவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிடிலின் தலை வாசிக்கிறவர் காலில்தான் இருக்கும். கணுக்காலுக்குப் பக்கத்தில், பாதத்தின் மேலே.

"என்ன ஓய் இது?" என்றார் வித்வான். "பாஞ்சஜன்யத்தைக் கொண்டுவந்து என் கால்ல வைக்கச் சொல்றேளா?"

பிடில் செய்தவருக்கு முதலில் புரியவில்லை. வித்வானின் காலைப் பார்த்தார். சங்கைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். நிறைய கச்சேரி கேட்டவர்தான் அவர். ஆனால் பாட்டு ஆரம்பித்தால் கண்ணை மூடிவிடுவாராம். செய்கிறதற்குப் பார்த்த படம் எல்லாம் புத்தகத்துத் துரை. துரை நின்றுகொண்டு வாசிக்கிறான், பிடிலின் தலை ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. ஆகாசத்தில் சங்கு இருந்தால் அழகுதானே.

"ஒரு பட்டுத் துணியைப் போட்டு..." என்றார் ஒரு பெரியவர்.

"துணியைப் போட்டா கால் காலில்லாமப் போயிடுமா?" என்றார் வித்வான்.

"துரை மாதிரி தோள்ல வெச்சு..." என்றார் இன்னொருவர்.

"வெச்சா இடது கை பிடிலைத் தாங்கறதா, கமகத்தைத் தாங்கறதா? என் வயசுக்கு நான் சர்க்கஸ் பண்ணணுமா?" பிடிலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். போகிறபோது, அவர் நல்ல மனிதர், இவர் தோளில் கை வைத்து, "செதுக்கறதுக்கு முன்னாடி என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" என்றார்.

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கம் கிளம்பியது. பிறகு ஆண்கள் பக்கம். ரேழியில் நானும் சிரித்தேன், எனக்கென்ன? தூணுக்குப் பின்னால் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மரவாடி திறந்த உடனே வந்துவிட்டார். ஆபீஸுக்குப் போகவில்லை. துணி சுற்றின பிடிலை என் மேஜை மேல் வைத்தார்.

"ராவுத்தரே, ஒரு உபகாரம் பண்ணும்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே எனக்கு ஆச்சரியம்.

"தலையை அறுத்துடும். வேற தலை, மொட்டையா ஒண்ணு, உம்ம ஆசாரியை விட்டு ஒட்டிக் கொடுத்துடும்."

"நீங்களே அறுக்கலாமே சாமி. அதுல என்ன பிரமாதம்?"

குத்தினது அவருக்குப் புரிந்தது. "ரம்பத்தை வெச்சேன். கை வரல்லே. சங்கு ஓய், நான் தீர்த்தம் தெளிச்சுச் சேவிச்ச சங்கு. என் கையால எப்படி அறுக்கறது? உமக்குன்னா இதுல தோஷம் கிடையாது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "சாமி, உங்க தோஷம் போறதுக்கு நான்தான் கிடைச்சேனா? ஸ்ரீரங்கத்துச் சங்கை ராவுத்தன் அறுத்தான்னு நாளைக்கு மார்க்கெட்டு முழுக்கப் பேசுவான். பாதி யாவாரம் எனக்கு உங்க ஊர்லதான். உங்களுக்குப் பாவம்னா எனக்குப் பலகாரமா?"

"வேற யார்கிட்டப் போவேன்?"

"இத்தனை வருசம் யார்கிட்டயும் போகலியே!"

திட்டினேன். நன்றாகத் திட்டினேன். கடையில் ஆட்கள் கேட்கும்படி திட்டினேன். தாழ்ப்பாளில் ஆரம்பித்து அண்டா வரைக்கும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "எல்லாம் சரி ராவுத்தரே. ஆனா அவ வாசிக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாயால் வேலை செய்கிறவன் இல்லை நான். ஒரு காரியம் ஆக வேண்டும் என்றால் ஆக வேண்டும். பிடிலைப் பட்டறை மேல் வைத்து, ஆசாரியின் சின்ன ரம்பத்தை எடுத்தேன். சங்கின் கழுத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. இறங்கி வந்தது அந்த அம்மாள். மடிசார்ப் புடவையோடு ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெண் மரவாடிக்குள் நடந்து வந்ததை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. என் ஆட்கள் மேல்துண்டைத் தேடி ஓடினார்கள்.

"அறுக்கப்படாது" என்றார்கள்.

"நீ எதுக்கு இங்கே வந்தே?" என்று பதறினார் அவர்.

"யாருக்குப் பண்ணின பிடில் அது?"

"உனக்குத்தான்."

"அப்போ நான் வரப்படாதா? தலையை அறுத்துடறேள். அப்புறம் அது பேசவே இல்லேன்னா? சங்கும் போச்சு, பிடிலும் போச்சு. அது பேசறதா இல்லையான்னே இன்னும் ஒருத்தரும் கேக்கல்லே. முதல்ல கேக்கலாம்."

"எப்படிக் கேக்கறது? கால்ல வெச்சுக்க முடியாதே!"

அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்தார்கள். அறுக்காத பருத்த தேக்குத் தடி ஒன்று கிடந்தது. அதன் மேல் புடவையை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிடிலை எடுத்து அடியைத் தோளில் சாய்த்து, கையோடு கொண்டு வந்திருந்த வில்லை எடுத்தார்கள். சங்குத் தலை அந்தரத்தில் நின்றது.

"நீங்க பிடிச்சுக்கோங்கோ."

"நானா?"

"பின்னே? ராவுத்தரா?"

மரத்தூளில் உட்கார்ந்தார். சலவை வேஷ்டியோடு, என் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால், பெண்டாட்டியின் காலடியில். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார், கோவிலில் தீர்த்தத்துக்கு நீட்டுகிற மாதிரி. அந்த அம்மாள் சங்கை அதில் வைத்தார்கள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ரம்பம் மரக்கணுவில் மாட்டினால் வருகிற சத்தம் தெரியும். முதலில் அதுதான் வந்தது. வில் வழுக்கியது, விரல் தப்பின இடத்தில் விழுந்தது. கீர்த்தனை ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஸரிகம வரிசை. அதையே மறுபடி மறுபடி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேரானது. மரத்தின் மேல் முதல் இழைப்பு கரடுமுரடாகப் போகும், பிறகு இழைப்புளி வழி கண்டுபிடித்துக்கொள்ளும், அந்த மாதிரி. நான் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஆடாதீங்கோ" என்றார்கள் நடுவில்.

"நான் ஆடலையே."

"கை ஆடறது."

ஆடத்தான் செய்தது. நான் பார்த்தேன்.

வாசிப்பதை நிறுத்தினதும் அவர் சங்கை விடாமல் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாளே சொன்னார்கள். "கீழ்த் தந்தி ரெண்டும் நன்னாப் பேசறது. மேல ரெண்டும் தொண்டை கட்டின மாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்து, "என் விரலும்தான் கட்டிண்டிருக்கு. ரெண்டும் சேர்ந்து சரியாகட்டும். ராவுத்தரே, ரம்பத்தை உள்ளே வையுங்கோ" என்றார்கள்.

இரண்டு பேரும் அந்தக் குதிரை வண்டியிலேயே போனார்கள். அவருடைய சைக்கிள் என் கடை வாசலில் நின்றது. அதைக்கூட மறந்துவிட்டுப் போன மனிதர்.

எதையும் பாதியில் விடுகிறது எனக்குப் பிடிக்காது. என் ஆசாரியை விட்டு ஒரு சின்னத் தாங்கி செய்தேன். நல்ல தேக்கு. கீழே அகலமான பலகை, மேலே சங்கு உட்காரப் பள்ளம், பள்ளத்துக்குப் பச்சைப் பட்டு. இழைப்பு கண்ணாடி மாதிரி. முகம் தெரியும். அதை எடுத்துக்கொண்டு, சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் காலையில் ஸ்ரீரங்கம் போனேன்.

ரேழியிலிருந்தே தெரிந்தது. கூடத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இவர், ஆபீஸுக்குக் கிளம்புகிற கோட்டோடு, தலைப்பாகையோடு, இரண்டு கையிலும் சங்கை ஏந்திக்கொண்டு. தினமும் பொன்மலைக்குப் புறப்படும் முன்பு இப்படித்தானாம். மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஓட்ட முடியாது. முகத்தைக் கோணிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்குப் பிடில் செய்யக் கிளம்பின மனிதர் கடைசியில் பிடில் தாங்கியாகப் போய்ச் சேர்ந்தார். வேலையை வேலை தெரிந்தவனிடம் விடாதவனுக்கு இதுதான் கதி என்று நான் இன்றைக்கும் என் பேரன்மாருக்குச் சொல்வேன்.

"சாமி, கையை எடுங்க. உங்களுக்கு விடுதலை கொண்டாந்திருக்கேன்" என்று தாங்கியைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். ஆசையோடுதான் பார்த்தார், நான் பொய் சொல்ல மாட்டேன். கை மரத்துப் போயிருக்கும்.

அந்த அம்மாள் வில்லை எடுக்காமல், என் பக்கம் திரும்பாமல் சொன்னார்கள்.

"நன்னா இருக்கு ராவுத்தரே. ஆனா வேண்டாம். அவர் கையால பண்ற வேலையில இது ஒண்ணுதான் ஒழுங்காப் போயிண்டிருக்கு. விட்டுடுங்கோ."

அவர் கையை எடுக்கவில்லை. நான் தாங்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன்.